விளக்கறையின் காற்று

மைசூர்க்காரிக்கு லைட் ஹவுஸில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் என் உறவில் யாருமில்லை. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே குடகு மலை நிற்கிறது. மண்டி மொஹல்லாவில் கயிறும் சாக்கும் விற்ற என் அப்பா, என்னை வேலையில் சேர்த்துவிட வந்த அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவ்ளோ தண்ணிய வெச்சுக்கிட்டு குடிக்க ஒரு சொட்டு இல்லியே" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். நான் தங்கிவிட்டேன். ஓய்வு பெறும் வரை கலங்கரை விளக்கங்களையும் அவற்றின் காவலர் வீடுகளையும் அளந்து வரைவதும், பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு.

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஷில்பா என்ற இளம் பொறியாளர் வீட்டுக்கு வந்திருந்தார். மேற்குக் கரையில் நாங்கள் நெடுங்காலம் பராமரித்த ஒரு லைட் ஹவுஸையும் அதன் காவலர் வீடுகளையும் பயணிகள் தங்கும் இடமாக மாற்றப் போகிறார்களாம். லேசர் கருவியால் அளந்து, லேப்டாப் திரையில் கோபுரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். ஒரு வெயில் காலம் முழுவதும் நான் ஏணியிலும் கயிற்றிலும் தொங்கி வரைந்த கோபுரம் அது. அழகாகவே செய்திருந்தார். உச்சியிலுள்ள விளக்கறைக்கு ஏசி பொருத்த வேண்டும், அடிச்சுவரில் சுற்றிலும் இருக்கும் பித்தளைக் காற்றுத் துளைகளை அடைத்துவிடலாமா என்று கேட்டார்.

கூடாது என்றேன். உப்புக் காற்று உள்ளே தங்கினால் இரும்பு அரிக்கும், தாமிரக் கூரை வியர்க்கும் என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் என் குரல் அவ்வளவு கடுமையாக வந்ததற்கு அது காரணமில்லை. ஷில்பா விடாமல் கேட்டார். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்து வரைவாளராகச் சேர்ந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் திருநாராயணன் சார். மேல்கோட்டைப் பூர்விகம், மைசூரிலேயே வளர்ந்தவர். பயிற்சிக் காலம் என்று பெயருக்கு இருந்தது. கோடு போடவும் எழுத்து எழுதவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். கட்டடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது சாரிடம்.

அவர் எந்தக் கட்டடத்திலும் முதல் நாள் டேப்பை வெளியே எடுக்க விடமாட்டார். முதலில் உட்கார வேண்டும். காலையில் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, மத்தியானம் எந்த ஜன்னலை யார் சாத்துகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்க்க வேண்டும். அவருடைய தோல் பையில் மைசூர் ஊதுபத்திக் கட்டு ஒன்று எப்போதும் இருக்கும். பக்தி என்று முதலில் நினைத்தேன். சார் அதை ஏற்றி வாசற்படியருகே பிடிப்பார், ஜன்னலருகே பிடிப்பார், மாடிப்படியின் அடியில் பிடிப்பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதை அம்புக்குறியாக வரைபடத்தில் போடச் சொல்வார். "சுவரை வரையறது யாராலும் முடியும். காத்து எப்படிப் போறதுன்னு வரை. அப்பத்தான் கட்டினவன் மனசு தெரியும்" என்பார். குரலை உயர்த்தமாட்டார். தப்பாக வரைந்தால் திட்டவும் மாட்டார். அந்தத் தாளை நம் கையில் கொடுத்து, "மறுபடி போய் உட்காரு" என்பார். அதற்குத் திட்டே தேவலை என்று தோன்றும்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலுக்குள் மூக்கு நீட்டிய ஒரு பாறை மேட்டில் கருங்கல் கோபுரம். அடியில் சுவர் ஓர் ஆள் கை நீட்டிப் படுக்கலாம் என்கிற அளவுக்குத் தடிமன். மேலே போகப் போக மெலியும். படிகள் ஒவ்வொன்றும் ஒரே கல். ஒரு முனை சுவருக்குள் புதைந்திருக்கும், மறு முனை கீழ்ப்படியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். உச்சியில் கண்ணாடி விளக்கறை. அதற்கு மேல் தாமிரக் குவிமாடம். விளக்கறையின் இடுப்பளவு அடிச்சுவரில் வரிசையாகப் பித்தளைத் துளைகள். ஒவ்வொன்றுக்கும் திருகித் திறக்கும் மூடி. அவற்றின் வழியே உள்ளே வரும் காற்று, குவிமாடத்தின் உச்சியிலுள்ள துளையிட்ட உருண்டை வழியாக வெளியேறும். எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் தீ நின்று எரியவும் புகை வெளியேறவும் அப்படிக் கட்டியிருந்தார்கள்.

அறையின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் பெரிய லென்ஸ். யானை எடை இருக்கும். அது ஒரு வட்டத் தொட்டியில் நிரப்பிய பாதரசத்தின் மேல் மிதந்தது. ஒரு விரலால் தள்ளினால் சுழலும்.

கோபுரத்தின் கிழக்கே, அதன் மறைவில், செம்புரைக்கல்லால் கட்டிய மூன்று வீடுகள் ஒரே வரிசையில். கடல் பக்கம் ஜன்னலே கிடையாது, வெறும் சுவர். வாசலும் தாழ்வாரமும் கிழக்கே. மழைக்காலத்தில் நனையாமல் போய்வர வீட்டு வரிசையிலிருந்து கோபுர வாசல் வரை கூரை போட்ட நடை. முற்றத்தின் அடியில் மழைநீர்த் தொட்டி. மூன்று வீட்டுச் சமையலறைகளையும் இணைக்க உள்ளே கதவுகள். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அடுத்த வீட்டாரைக் கூப்பிட. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். கட்டியவர்களுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

முதல் வீட்டில் தலைமைக் காவலர் பழனிச்சாமி இருந்தார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். மூன்றாம் வீட்டில் துணைக் காவலர் குடும்பம். நடுவீடு காலி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழனிச்சாமி அண்ணனைப் பார்த்திருக்கிறேன். லென்ஸின் பித்தளைச் சட்டங்களை அவர் துடைப்பதைப் பார்த்தால் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல இருக்கும். பாதரசத்தில் அழுக்குப் படிந்தால் மெல்லிய தோலில் ஊற்றி வடிகட்ட வேண்டும். அதை வேறு யாரையும் செய்யவிடமாட்டார், வெறுங்கையாலேயே செய்வார். அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவருடைய மனைவி சரோஜா அக்கா, நானும் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு சில ஆண்டுகள் எனக்கு வேறு கோபுரங்கள். திரும்பவும் அங்கே போக நேர்ந்தபோது காரணம் நல்லதாக இல்லை. மழைக்கு முன் வீட்டுக் கூரைகளைப் பழுது பார்க்க நானும் சாரும் போவதாக இருந்தது. கிளம்பும் முன் மேலிடத்திலிருந்து இன்னொரு வேலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தலைமைக் காவலர் குடித்துவிட்டு ரகளை செய்கிறார், மனைவியை அடிக்கிறார் என்று புகார் வந்திருக்கிறது. விசாரித்து எழுதுங்கள், வேலையை விட்டு அனுப்பிவிடலாம். சார் எழுதுவதைப் பொறுத்து ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

சரோஜா அக்கா நடுவீட்டில் இருந்தார். பள்ளிக்குப் போகும் மகளோடு அங்கே தனியாகப் பாய் போட்டுப் படுப்பதாகவும், சமையல் மட்டும் முதல் வீட்டில் செய்து வைத்துவிட்டு உள்கதவு வழியாக வந்து தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். இப்படியே இரண்டு மழை போய்விட்டதாம். அவருடைய நெற்றியோரத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. சோற்றுத்தட்டு பட்டது என்றார். யார் எறிந்தது என்று நான் கேட்கவில்லை.

எப்போதிலிருந்து குடிக்கிறார் என்று சார் கேட்டார்.

"குடிக்கறதில்லீங்க சார். குடிச்சாத் தேவலைங்க. தெளிஞ்சா பழைய மனுசன் வந்துருவாரில்லீங்களா?"

சார் கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சரோஜா அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் கை நடுங்கியதாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, முகம் மழிக்க முடியவில்லை. ஈறில் ரத்தம் வந்தது. ஞாபகம் தப்பியது. அப்புறம் கோபம். எதற்கு என்று இல்லாத கோபம்; அது அடங்கியதும் அழுகை. ஆள் வந்தாலே ஒளிந்துகொள்கிறாராம். பகலிலும் கோபுரத்தில் ஏறி விளக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அங்கேதான் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்கிறார் என்றார்.

பழனிச்சாமி அண்ணனைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். வந்தார். சாரைப் பார்த்ததும் தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேட்டி முனையைப் பிடித்திருந்த கை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. சார் அவரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. வீட்டிலேயே இருங்கள், நாங்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொன்னார்.

பிற்பகல் வெயிலில் ஏறினோம். பகலில் லென்ஸில் சூரியன் விழுந்து தீப்பிடிக்காமல் இருக்க விளக்கறையில் சுற்றிலும் திரை போட்டிருப்பார்கள். கதவைத் திறந்ததும் அடுப்பருகே நிற்பதுபோல் வெக்கை. தொட்டியில் பாதரசம் பளபளத்தது. தரையின் இரும்புத் தகட்டு இடுக்குகளில் சின்னச் சின்ன மணிகளாக அது உருண்டு கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆண்டுக்கணக்காக வடிகட்டும்போது சிந்தியது. மூலையில் ஒரு பழைய சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அவர் உட்காரும் இடம்.

சார் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஊதுபத்தி ஏற்றினார். அடிச்சுவரருகே பிடித்தார். புகை நேராக மேலே போனது. இன்னொரு பக்கம் பிடித்தார். நேராக மேலே போனது. வெளியே கடற்காற்று கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தப் புகை நூல் பிடித்ததுபோல் நின்றது. குவிமாடத்தின் அடியில் போய் அங்கேயே சுருண்டு தங்கியது.

சார் குனிந்து பித்தளைத் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மூடிகளைத் திருகி, ஓரத்தில் மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. உச்சி உருண்டைக்கும் தகடு போட்டிருந்தது. சார் சாக்கின் ஓரமாக அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அதுவரை அவர் தரையில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இதெல்லாம் மூடினது யாருன்னு தெரியுமோ வசந்தா?"

தெரியாது என்றேன்.

"நான்தான். அப்பத்தான் பொறுப்புக்குப் புதுசா வந்திருந்தேன். கரண்ட் விளக்கு வந்துடுத்து, இனிமே காத்து எதுக்குன்னு நெனச்சேன்."

பிறகு எனக்கு விளக்கினார். பாதரசம் வெக்கையில் ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இருக்காது. அதோடு வேலை செய்பவர்களுக்குக் கை நடுக்கம் வரும், குணம் மாறும் என்று எப்போதோ படித்திருக்கிறார். தான் மருத்துவர் இல்லை, சந்தேகம்தான் என்றார். எண்ணெய் விளக்குக்காக வைத்த காற்று, பாதரசத்தையும் சேர்த்து இத்தனை காலம் வெளியே கொண்டுபோயிருக்கிறது. அந்த வேலையை அது செய்கிறது என்று யாருக்கும் தெரியாமலே நிறுத்திவிட்டோம். மனிதர்களுக்கு வெட்கப்பட்டு அந்த மனிதர் ஒளிந்துகொள்ள வந்த இடமும் அதே அறை.

கதவையும் வெளி மாடத்துக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, கீழேயிருந்து ஸ்பேனரும் உளியும் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே மக்கை உடைத்தோம். முதல் துளை திறந்ததும் என் முழங்காலில் காற்று பட்டது. எல்லாம் திறந்த பிறகு சார் இன்னொரு பத்தி ஏற்றினார். புகை சாய்ந்து, லென்ஸைச் சுற்றி, மேலே ஓடி மறைந்தது.

கீழே இறங்கியதும் அவர் நேராக முதல் வீட்டுக்குப் போனார். பழனிச்சாமி அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சரோஜா அக்கா உள்கதவுக்கு அந்தப் பக்கம், நடுவீட்டுச் சமையலறையில் நின்றார். இருவருக்கும் கேட்கும்படி சார் நடந்ததைச் சொன்னார். எதையும் சுற்றி வளைக்கவில்லை. துளைகளை மூட உத்தரவு போட்டது தான் என்பதையும் சொன்னார்.

பழனிச்சாமி அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "நாந்தானுங்க சார் கேட்டது" என்றார். "மழத்தண்ணி உள்ள அடிக்குது, லென்சு உப்புப் பூக்குது, மூடிக் குடுங்கன்னு நாந்தான் கேட்டனுங்க."

"கேட்டேள். நீங்க கேட்டதுல தப்பே இல்லை. அது எதுக்கு இருக்குன்னு யோசிச்சுட்டு மூட வேண்டியது என் வேலை. நான் யோசிக்கலை."

சரோஜா அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். அவர் அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போனபோது அழவில்லை. மறு கை கதவின் தாழ்ப்பாளை இறுகப் பிடித்திருந்தது.

மறுநாளே பழனிச்சாமி அண்ணனை மைசூருக்குக் கூட்டிவந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் சாருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். ரத்தமும் சிறுநீரும் வெளியூருக்கு அனுப்பிச் சோதித்ததில் சந்தேகம் உறுதியானது. துணைக் காவலரையும் வரவழைத்துப் பார்த்தார்கள். அவருக்கும் கொஞ்சம் பாதரசம் ஏறியிருந்தது. புகார் எழுதியவரே அவர்தான். முடிவைக் கேட்டதும் பழனிச்சாமி அண்ணனின் கட்டிலருகே போய் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

சரோஜா அக்காவும் மகளும் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். காலையில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவார், மாலையில் திரும்புவார். வண்டிகளும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் எங்கள் சந்தில் அவருக்கு முதலில் தூக்கம் வரவில்லை. கடல் சத்தம் இல்லாமல் காது அடைத்ததுபோல் இருக்கிறது என்றார்.

மருந்தில் அண்ணன் தேறி வந்தார். பேச்சு தெளிந்தது, ஈறு ஆறியது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருநாள் சமையலறையில் நான் சொன்னேன். சரோஜா அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீங்க ஒரே நாள்ல எல்லா ஓட்டையும் தொறந்துட்டீங்க அம்மிணி. எனக்கு அப்புடி வராதுங்க. இந்தாளு இப்புடித்தான், இனி இதுதான் நம்ம வாழ்க்கைன்னு நம்பறதுக்கே எனக்கு ரெண்டு வருசமாச்சு. இப்ப, அது அவுரு இல்ல, பாதரசம்னு சொல்றீங்க. மூளைக்குப் புரியுது. அவுரு கையத் தூக்குனா ஒடம்பு தானா ஒதுங்குதே, அதுக்கு யாரு சொல்றதுங்க?"

நான் அவர் ஆய்ந்த கீரையை எடுத்துக் கழுவினேன்.

சார் அறிக்கை எழுதினார். அதைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தது நான். துளைகள் எப்போது, ஏன் மூடப்பட்டன என்ற இடத்தில் தன் பெயரையும் அப்போதைய பதவியையும் போட்டிருந்தார். மேலிடத்தில் ஒருவர் கூப்பிட்டு, 'முந்தைய பழுதுபார்ப்பின்போது' என்று பொதுவாக எழுதினால் போதுமே என்று நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார். சார் கேட்கவில்லை. பொதுவாக எழுதினால் மற்ற கோபுரங்களில் மூடியவர்கள் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்றார். அப்படியே ஆனது. அந்த அறிக்கைக்குப் பிறகு வேறு இரண்டு இடங்களிலிருந்து, எங்களிடமும் மூடியிருக்கிறோம் என்று கடிதம் வந்தது. திறக்கச் சொன்னோம். சாருக்கு அடுத்த பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கட்டடத்திலும் ஊதுபத்தியை அவர் என் கையில் கொடுத்து என்னையே பிடிக்கச் சொன்னார். தான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொள்வார்.

பழனிச்சாமி அண்ணனை வேலையிலிருந்து நீக்கவில்லை. கோபுரத்தில் ஏறக் கூடாது என்ற நிபந்தனையோடு அதே வளாகத்தில் வீடுகளையும் தோட்டத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்ளும் பணி கிடைத்தது. ஏறாத கோபுரத்தின் அடியில் இருப்பது அவருக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. அவர் கேட்டு வாங்கிக்கொண்ட பணி அது.

பாதரசத் தொட்டியை எடுத்துவிட்டு லென்ஸை வேறு விதமாகச் சுழலவிடும் ஏற்பாடு நடந்தபோது மறுபடி அங்கே போனோம். மழை விட்டிருந்த காலம். பழனிச்சாமி அண்ணன் என்னைத் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் சதை பிடித்திருந்தது. பேச்சில் பழைய நிதானம் வந்திருந்தது. கை நடுக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

வேலை முடிந்து முதல் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். நான் அன்று காலை முழுவதும் வரைந்த தாளைத் தரையில் விரித்து சாருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சரோஜா அக்கா உள்ளே காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. தட்டைத் தான் கொண்டுவருவதாக அண்ணன் பிடிவாதமாக வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு அடி எடுத்து வைத்ததுமே டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளத் தொடங்கின. சாரிடம் குனிந்தபோது ஒரு டம்ளர் சரிந்து, சூடான காப்பி அண்ணன் கையிலும் என் வரைபடத்திலும் கொட்டியது.

அவர் அப்படியே நின்றார். சரோஜா அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்தார். நானும் சாரும்கூட அதைத்தான் பார்த்தோம் என்று நினைக்கிறேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"காயிதத்தக் கெடுத்துப் போட்டனே" என்றார், மெதுவாக. வேறொன்றும் இல்லை.

சரோஜா அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். காப்பி என் கோடுகளின் மேல் பரவிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. கணவரின் கையைத் தன் கைக்குள் எடுத்து, நடுக்கம் அடங்கும் வரை பிடித்திருந்து, விரல் விரலாகத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் தாளைத் துடைக்கக் குனிந்தார்.